படியா... சறுக்கலா?

ஒயர் மூட்டை சின்தசைசரும், பூண்டுச் சந்தைத் தராசும் சொல்லித் தர்ற அனலாக் - டிஜிட்டல் பாடம்!

கொடைக்கானலுக்கு டூர் வர்ற பாதிப் பேர் ஏரியில படகு ஓட்டி, ஹோம்மேட் சாக்லேட் வாங்கி, தூண்பாறை முன்னாடி பனிமூட்டத்தை மட்டும் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. அடுத்த தடவை கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் வெச்சுக்கிட்டு, பூம்பாறை தாண்டி மன்னவனூர்ப் பக்கம் வாங்க. எங்க கவுஞ்சி வரும். மலைச் சரிவு முழுக்கப் படிப்படியா வெட்டின வயல். ஒரு படியில பூண்டு, ஒரு படியில உருளைக்கிழங்கு, ஒரு படியில கேரட்.

மலை கொடுத்தது சறுக்கல். மனுஷன் வெட்டினது படி. சறுக்கல்ல எந்த உயரத்துல வேணும்னாலும் நிக்கலாம். படியில அது நடக்காது. ஒண்ணு இந்தப் படி, இல்லைன்னா அடுத்த படி. நடுவுல கால் வெச்சா... சறுக்கி விழ வேண்டியதுதான்!

அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் பாஸ். மைக் தர்ற வோல்டேஜ் சறுக்கல். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற நம்பர் படி. சறுக்கலைப் படியாக்கினா ஏ.டி.சி. படியைத் திரும்பச் சறுக்கலாக்கினா டி.ஏ.சி. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற எல்லாரும் இதை ஒரு 13 மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணி, கட்டம் கட்டமா பிளாக் டயகிராம் வரைஞ்சு, பரீட்சை ஹால் வாசல்லயே மறந்துட்டு வந்திருப்போம். காரணம், அந்தக் கட்டங்களை யாரும் நம்ம காதுக்குக் காட்டினதே இல்லை.

காட்டுற மெஷின் ஒண்ணு இருக்கு. பேரு மாடுலர் சின்தசைசர். பார்க்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வெடிச்ச மாதிரி இருக்கும். ஆனா, நம்ம பிளாக் டயகிராம்ல இருக்கிற ஒவ்வொரு கட்டமும் இதுல தனித்தனிப் பெட்டி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குமிழ். திருகினா, எது போச்சு, எது மிஞ்சிச்சுன்னு கேட்கும்!

ஒயர் காட்டுல ஒரு இந்திய அத்தியாயம்

அமெரிக்காவில் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச் கூடச் சேர்ந்து தன்னோட முதல் சின்தசைசரை உருவாக்கினது 1964-ல். சாதா கீபோர்டுல எல்லாம் உள்ளேயே பூட்டி இருக்கும். மாடுலர்ல அப்படி இல்லை. ஒலி எழுப்ப ஒரு பெட்டி, ஒலியை வடிகட்ட ஒரு பெட்டி, சத்தத்தை ஏத்தி இறக்க ஒரு பெட்டி. எதை எதோட இணைக்கிறதுன்னு நீங்கதான் ஒயர் போட்டு முடிவு பண்ணணும்.

இதோட தாய்மொழி வோல்டேஜ். மூக் போட்ட கணக்கு இன்னிக்கும் பெரும்பாலான மாடுலர்கள்ல நடக்குது: ஒரு வோல்ட் கூடினா ஒரு ஸ்தாயி ஏறும். அதாவது 2 வோல்ட்ல கீழ் 'ஸ' ஒலிச்சா, 3 வோல்ட்ல மேல் 'ஸ'. ஒரு ஸ்தாயிக்குள்ள 12 ஸ்வர ஸ்தானம். ஆக, ஒரு ஸ்தானத்துல இருந்து அடுத்த ஸ்தானத்துக்குப் போக 83.3 மில்லிவோல்ட். இந்த நம்பரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம்னு நினைச்சா தப்பு. 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு, அதாங்க என்.ஐ.டி-க்கு, ஒரு மூக் மாடுலர் வந்து இறங்கிடுச்சு! அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் ட்யூடர் கூடவே வந்து ஸ்டுடியோவை அமைச்சுக் கொடுத்தார். பின்னணியில இருந்தவர் கீதா சாராபாய். 1946-ல் நியூயார்க் போய், ஜான் கேஜ்ங்கிற பெரிய இசையமைப்பாளருக்கே இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்தவர். அந்த ஸ்டுடியோவில் ஐ.எஸ்.மாத்துர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரான்னு நம்ம ஆளுங்க ஒயர் மாத்தி மாத்தி இசை பண்ணினாங்க. எல்லாம் காந்த டேப்ல பதிவாச்சு. அப்புறம்? எழுபதுகளிலேயே ஸ்டுடியோ அடங்கிப் போச்சு. டேப்கள் அலமாரிக்குப் போயிடுச்சு. அந்தக் கதையோட கிளைமாக்ஸ் கடைசியில!

முதல் வெட்டு: நேரம்

சறுக்கலைப் படியாக்க ரெண்டு வெட்டு வேணும். முதல் வெட்டு நேரத்துல. எப்பவும் பார்த்துட்டு இருக்காம, விட்டு விட்டுப் பார்க்கிறது. பேரு சாம்ப்ளிங்.

இதுக்கு எங்க மலையிலேயே ஒரு பிரமாதமான உதாரணம் இருக்கு. 1899-ல் ஆரம்பிச்ச கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1904-ல் இருந்து வானம் திறந்த நாள்ல எல்லாம் சூரியனை போட்டோ எடுத்துட்டு இருக்காங்க. சூரியன் தன்னைத் தானே சுத்துது. பூமியில இருந்து பார்த்தா ஒரு சுத்துக்குச் சுமார் 27 நாள். தினம் ஒரு போட்டோ எடுத்தா, கரும்புள்ளி ஒண்ணு இடமிருந்து வலமா ஊர்ந்து போறது அழகா தெரியும்.

இப்போ ஒரு குறும்பு பண்ணுவோம். தினம் எடுக்காம 27 நாளுக்கு ஒரு தடவை மட்டும் போட்டோ எடுத்தா? நீண்ட நாள் தாக்குப் பிடிக்கிற புள்ளி ஒவ்வொரு படத்துலயும் அதே இடத்துல நிக்கும். 'சூரியன் சுத்தவே இல்லை'ன்னு எழுதி வெச்சிருப்போம்! 26 நாளுக்கு ஒரு தடவை எடுத்தா இன்னும் கூத்து. முழுச் சுத்து முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளிக் பண்றதால, புள்ளி பின்னாடி போற மாதிரி தெரியும். சினிமாவில் கார் முன்னாடி ஓட, சக்கரம் மட்டும் பின்னாடி சுத்துமே... அதேதான். பேரு ஏலியாசிங்.

படம் ஒவ்வொண்ணும் பொய் சொல்லலை. ஆனா, மொத்தமா சேர்ந்து பொய் சொல்லுது. இதைத் தவிர்க்க விதி ஒண்ணுதான்: எவ்வளவு வேகமா மாறுதோ, அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வேகமா பார்க்கணும். மனுஷக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும். அதனாலதான் சி.டி-யில விநாடிக்கு 44,100 தடவை பார்க்கிறாங்க.

மாடுலர்ல இந்த வெட்டுக்குன்னே ஒரு பெட்டி. பேரு சாம்பிள் அண்ட் ஹோல்டு. யூரோரேக்னு சொல்ற இன்றைய சின்ன சைஸ் மாடுலரைத் தொண்ணூறுகள்ல தொடங்கி வெச்சவர் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர். அவரோட வரிசையில இதுக்கு ஏ-148னு நம்பர். உள்ளே விஷயம் சிம்பிள். ஒரு ஸ்விட்ச், ஒரு கப்பாசிட்டர். கிளாக் தட்டும்போது ஸ்விட்ச் திறந்து, அந்த நொடியில இருக்கிற வோல்டேஜைக் கப்பாசிட்டர் பிடிச்சு வெச்சுக்கும். அடுத்த தட்டு வரைக்கும் அதையே ஒப்பிக்கும். கப்பாசிட்டர் லேசா ஒழுகினா, பிடிச்சு வெச்ச ஸ்ருதியும் மெதுவா வழுக்கும்.

இதுல கவனிக்க வேண்டிய மேட்டர்: இன்னும் நம்பர் வரலை. நேரம்தான் துண்டாச்சு. உயரம் இன்னும் சறுக்கல்தான். 2.3718 வோல்ட் வந்தா 2.3718-ஐயே பிடிக்கும். பாதி டிஜிட்டல், பாதி அனலாக். புத்தகத்துல ஒரே மூச்சுல படிச்சுட்டுப் போற ரெண்டு வேலையை இங்கே பிரிச்சுக் கேட்கலாம். மெதுவா ஏறி இறங்குற ஒரு வோல்டேஜை இதுக்குள்ள விட்டு, கிளாக்கை வேகமா வெச்சா ஒலி கிட்டத்தட்ட வழுக்கிட்டுப் போகும். கிளாக்கைக் குறைக்கக் குறைக்க டிங்... டிங்... டிங்னு படி விழும். இன்னும் குறைச்சா, உள்ளே போன அலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புது மெட்டு வரும். ஏலியாசிங்கைக் காதால கேட்டாச்சு!

இரண்டாவது வெட்டு: உயரம்

அடுத்தது குவான்டைசேஷன். பிடிச்சு வெச்ச வோல்டேஜ் எந்தப் படிக்குக் கிட்டே இருக்குன்னு பார்த்து, அந்தப் படி நம்பரை எழுதுறது.

மெஷின் இதை எப்படிக் கண்டுபிடிக்குது? மலைப் பூண்டு எடை போடுற தராசை நினைச்சுக்குங்க. கையில நாலே நாலு எடைக்கல். 8 கிலோ, 4 கிலோ, 2 கிலோ, 1 கிலோ. தட்டுல ஒரு சாக்குப் பூண்டு. முதல்ல 8 கிலோ கல். தராசு பூண்டுப் பக்கமே சாயுது, கல் இருக்கட்டும். அடுத்து 4 கிலோ. மொத்தம் 12, இப்போ கல் பக்கம் சாஞ்சிருச்சு, எடுத்துடு. அடுத்து 2. மொத்தம் 10, இருக்கட்டும். கடைசியா 1. மொத்தம் 11, தராசு நேரா நிக்குது. வெச்ச கல்லுக்கு 1, எடுத்த கல்லுக்கு 0 போட்டு எழுதுங்க: 1011. பைனரியில பதினொண்ணு! நாலே தட்டுல விடை. 'சக்ஸஸிவ் அப்ராக்ஸிமேஷன் ஏ.டி.சி'ன்னு பேர் வெச்சு நம்மளைப் பயமுறுத்தினாங்களே, அது இவ்வளவுதான் மக்களே!

எத்தனை கல்லோ அத்தனை பிட். நாலு கல்லுல 16 படி. சாக்குல 11 கிலோ 300 கிராம் இருந்தா? அந்த 300 கிராம் கணக்குல வராது. போனது போனதுதான். அரைக் கிலோ கல், கால் கிலோ கல்னு சேர்த்துக்கிட்டே போனா, விட்டுப் போறது குறைஞ்சுக்கிட்டே போகும். சி.டி-க்கு 16 கல், அதாவது 65,536 படி. கொடைக்கானல் ஆய்வகத்தோட பழைய சூரியப் படங்களை டிஜிட்டலாக்கினப்பவும் ஒவ்வொரு புள்ளியோட வெளிச்சத்தையும் அளக்க அதே 16 பிட்தான் எடுத்துக்கிட்டாங்க. ஒரு படத்துக்கு 4096-க்கு 4096 புள்ளி.

இப்போ அந்த 83.3 மில்லிவோல்ட்டை எடுங்க. ஒரு ஸ்வர ஸ்தானத்தை நூறாப் பிரிச்சா ஒரு பங்குக்குப் பேரு 'சென்ட்'. ஒரு சென்ட் சுமார் 0.83 மில்லிவோல்ட். மாடுலர்ல 10 வோல்ட் எல்லையை எடுத்துக்கிட்டா:

8 பிட் - ஒரு படி 39 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட 47 சென்ட். அதாவது அரை ஸ்தானம்! பாட்டு அபஸ்வரத்துலதான் முடியும்.

12 பிட் - ஒரு படி 2.44 மில்லிவோல்ட். சுமார் 3 சென்ட். நல்ல காதையும் ஏமாத்திடும்.

16 பிட் - ஒரு படி 0.15 மில்லிவோல்ட். 0.2 சென்ட்டைக்கூடத் தொடாது. எந்த வித்வானும் குறை சொல்ல முடியாது.

நம்ம பக்கத்துல 22 ஸ்ருதின்னு பேசுவோமே, அதுல மிகச் சின்ன இடைவெளி சுமார் 22 சென்ட். சின்தசைசர் கணக்குல 18 மில்லிவோல்ட். 12 பிட்டுக்குள்ள அது ஏழு படி. தாராளமா அடங்கும். அப்போ 'டிஜிட்டல்ல கமகம் வராது'ன்னு சொல்றாங்களே, அது பொய்யா?

இங்கேதான் குட்டு உடையுது. மாடுலர்ல குவான்டைசர்னே ஒரு பெட்டி இருக்கு. டோப்ஃபர்ல ஏ-156. எந்த வோல்டேஜை உள்ளே விட்டாலும், அதைப் பக்கத்துல இருக்கிற 12 ஸ்தானத்துல ஒண்ணுக்கு இழுத்து உட்கார வெச்சிடும். தோடி ராகத்து காந்தாரத்தை எடுத்துக்குங்க. அது ஒரு இடத்துல நிக்கிற ஸ்வரமே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஊஞ்சலாடுற அசைவு. அந்த அசைவை வோல்டேஜாக்கி குவான்டைசருக்குள்ள விட்டா, ஊஞ்சல் ஏணியாயிடும். தடக் தடக்னு நாலஞ்சு தனி ஸ்வரம். ராகம் கழண்டு விழுந்திருக்கும்.

"அப்போ அனலாக்தான்டா மச்சி ஒசத்தி!"ன்னு என் ஹாஸ்டல் ரூம்மேட் உடனே தீர்ப்பு எழுதிட்டான். அவசரப்படாதேடா! கமகத்தை வெட்டினது டிஜிட்டல் இல்லை. 12-ங்கிற நம்பர். அந்த நம்பரை எலெக்ட்ரானிக்ஸ் கேட்கலை. பியானோ கட்டையைப் பார்த்து வளர்ந்த ஒரு மனுஷன் முடிவு பண்ணினது.

திரும்பி வர்ற வழி

நம்பரை மறுபடி வோல்டேஜ் ஆக்கணும். தராசுக் கணக்கையே திருப்பிப் போடுங்க. 1011-னு சீட்டு வந்தா 8, 2, 1 கல்லை எடுத்துத் தட்டுல வை. 11 ரெடி! கல்லுக்குப் பதிலா ரெசிஸ்டர். ரெண்டே ரெண்டு மதிப்புல, ஒண்ணு ஆர், இன்னொண்ணு அதைப் போல ரெண்டு மடங்கு, ஏணி மாதிரி அடுக்கினா ஒவ்வொரு பிட்டுக்கும் முந்தினதுல பாதி எடை தானா அமைஞ்சிடும். ஆர்-2ஆர் ஏணின்னு படிச்சோமே, அதான். 5 வோல்ட் சப்ளையில 1011 கொடுத்தா 3.44 வோல்ட் வெளியே வரும்.

வர்றது படிதான். அதைத் திரும்பச் சறுக்கலாக்க ஒரு ஃபில்டர். இங்கே ஒரு மூட நம்பிக்கையை உடைச்சாகணும். 'சி.டி ஒலி படிக்கட்டு மாதிரி கரடுமுரடா இருக்கும், சாம்பிளுக்கு நடுவுல உள்ளது தொலைஞ்சு போயிடும்'னு நிறையப் பேர் நம்புறாங்க. கிடையவே கிடையாது. ரெண்டு மடங்கு விதியை ஒழுங்கா மதிச்சிருந்தா, நடுவுல இருந்த வளைவை ஃபில்டர் அப்படியே மீட்டுக் கொடுத்துடும். உயர வெட்டுல போன அந்த 300 கிராம் மட்டும் ரொம்ப மெலிசான இரைச்சலா மிஞ்சும். நீங்க வகுத்த எல்லைக்குள்ள இருக்கிறது பத்திரம். எல்லைக்கு வெளியே இருந்தது... ஸாரி, எந்த ஃபில்டர் வந்தாலும் கிடைக்காது.

இதுக்கு இந்தியாவிலேயே ஒரு சூப்பர் கதை இருக்கு. பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்கள்ல கிடாரும் கீபோர்டும் வாசிச்சவர் சரண்ஜித் சிங். 1982-ல் ரோலண்ட் கம்பெனியோட மூணு மெஷினை வெச்சு ஒரு ஆல்பம் போட்டார். டிரம்ஸுக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, ராகத்துக்கு ஜூபிட்டர்-8. பைரவ், யமன்னு பத்து ராகம், எல்லாம் டிஸ்கோ தாளத்துல! யாரும் கண்டுக்கலை. அஞ்சு வருஷம் கழிச்சு, 1987-ல், சிகாகோ பசங்க அதே டிபி-303-ஐ வெச்சு 'ஆசிட் ஹவுஸ்'னு ஒரு இசையையே உலகத்துக்குக் கொடுத்தாங்க. 2010-ல் சரண்ஜித்தோட ஆல்பம் மறுபடி வெளியானப்பதான், 'அடப்பாவிகளா, இதை ஒரு இந்தியர் முன்னாடியே பண்ணிட்டாரா!'ன்னு உலகம் வாயைப் பிளந்துச்சு. 2015-ல் அவர் காலமானார்.

அந்த டிபி-303-ஐத் திறந்து பார்த்தா நம்ம பாடம் அப்படியே படுத்திருக்கும். ஸ்வரங்களை நினைவுல வெச்சுக்கிறது ஒரு டிஜிட்டல் சிப். ஸ்வரத்தை வோல்டேஜ் ஆக்குறது ரெசிஸ்டர் ஏணியால ஆன வெறும் 6 பிட் டி.ஏ.சி. மொத்தமே 64 படி. ஒரு படிக்கு ஒரு ஸ்வர ஸ்தானம். கமகத்துக்கு இடமே இல்லாத கஞ்சப் படிக்கட்டு! ஆனா, அந்த மெஷினோட உயிரே அது குழைஞ்சு வழுக்குறதுலதான் இருக்கு. எப்படி?

ஏணிக்குப் பின்னாடி ஒரு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டர். 'ஸ்லைடு' போட்டா வோல்டேஜ் அது வழியா போகும். அடுத்த படிக்குத் தாவாம, கப்பாசிட்டர் நிரம்புற வேகத்துல வழுக்கிட்டுப் போய்ச் சேரும். எங்கே போகணும்னு சொல்றது டிஜிட்டல். எப்படிப் போகணும்னு முடிவு பண்றது அனலாக். ரெண்டும் சண்டைக்காரங்க இல்லை, ஒரே பல்லக்கைத் தூக்குற ரெண்டு பேர். மாடுலர்ல இதுக்கும் தனிப் பெட்டி உண்டு. ஸ்லூ லிமிட்டர், டோப்ஃபர்ல ஏ-170. குவான்டைசருக்குப் பின்னாடி இதைச் செருகினா படி மழுங்கி வளைவாகும்.

ஆனா உஷார்! அந்த வளைவு கப்பாசிட்டர் போட்ட வளைவு. பாடகி தொண்டையில இருந்து வந்த தோடியோட வளைவு இல்லை. குவான்டைசர் வெட்டி எறிஞ்சதை ஸ்லூ லிமிட்டரால திரும்பக் கொண்டு வர முடியாது. அழகா இருக்கும். அசலா இருக்காது.

படிக்கு நம்பர் போட்டது யாரு?

1983-ல் வந்த மிடியைப் பாருங்க. கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற பொது மொழி. அதுல ஸ்வரத்துக்கு 128 நம்பர்தான். இந்தப் படியில நின்னா கமகம் அவுட். ஆனா, அதே மிடியில பிட்ச் பெண்ட்னு ஒரு சக்கரம் இருக்கு. அதுக்கு 14 பிட், 16,384 படி. மேலே ரெண்டு ஸ்தானம், கீழே ரெண்டு ஸ்தானம்னு வெச்சா ஒரு படி 0.03 சென்ட்டைவிடக் குறைவு! கர்னாடக சங்கீதத்தைக் கீபோர்டுல வாசிச்சுக் காட்டுற கே.சத்யநாராயணனோட இடது கை அந்தச் சக்கரத்துலதான் கமகத்தைப் பிடிக்குது. ரெண்டுமே டிஜிட்டல். ஒரே ஒயர்லதான் போகுது. ஒண்ணு கமகத்தைக் கொல்லுது, இன்னொண்ணு காப்பாத்துது. வித்தியாசம், படி எத்தனைங்கிறது மட்டும்தான்.

இதே மாதிரி குவான்டைசர்லயும் இப்போ நம்ம இஷ்டத்துக்குப் படி எழுதிக்கிற மாடல்கள் இருக்கு. 12-க்குப் பதிலா 22 எழுதலாம். இல்லை, குவான்டைசரையே கழட்டிட்டு வோல்டேஜை நேரா விடலாம். ஒயர் உங்க கையில!

யோசிச்சுப் பார்த்தா இது சின்தசைசர் கதை மட்டும் இல்லை. போன்ல பேசுறதுக்கு விநாடிக்கு 8,000 சாம்பிள் போதும்னு ஒருத்தர் முடிவு பண்ணினார். பேச்சு புரியுது, அதுவரைக்கும் சரி. ஆனா அந்த லைன்ல ஒரு பாட்டைப் பாடிக் காட்டுங்க, சல்லடையில சலிச்ச மாதிரி இருக்கும். எதை வெட்டணும், எதை விட்டு வைக்கணும்னு முடிவு பண்றவங்க இன்ஜினீயர்கள். அதாவது நாளைக்கு நாமதான். சிப் வாங்கும்போது எத்தனை பிட்டுன்னு பார்க்கிறோம். யாரோட இசைக்கு, யாரோட பேச்சுக்குன்னும் ஒரு தடவை கேட்டுட்டா தப்பே இல்லை.

லேப்ல ஒரு சாயங்காலம்!

மாடுலர் வாங்க லோன் போட வேண்டாம். ரெண்டு வழி சொல்றேன்.

ஒண்ணு: ஒரு ஆர்டுயினோ, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 13. ரெண்டு ரெசிஸ்டரை வரிசையா இணைச்சா 20 கிலோ ஓம். ஆக, நாலு பிட் ஆர்-2ஆர் ஏணிக்குச் சரியா 13 போதும். நாலு டிஜிட்டல் பின்ல இருந்து 0 முதல் 15 வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ண விடுங்க. ஆசிலாஸ்கோப்ல படிக்கட்டு தெரியும். ஏணியோட வாசல்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போடுங்க. படி மழுங்கும். 10 மைக்ரோஃபாரட் போடுங்க. படியும் போய், அலையும் போய், வெறும் கோடு! கேட்கணும்னா நடுவுல ஒரு கப்பாசிட்டரும் வால்யூம் கன்ட்ரோலும் வெச்சு கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குக் கொடுங்க. ஸ்பீக்கர் லைனுக்கு அஞ்சு வோல்ட் அதிகம், அதனால வால்யூமைக் கீழே இருந்து ஏத்துங்க.

ரெண்டு: லேப்டாப்ல விசிவி ரேக். மாடுலரோட அத்தனை பெட்டியும் மென்பொருளா இருக்கு, இலவசப் பதிப்பு உண்டு. மெதுவான ஒரு அலை, ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்டு, ஒரு குவான்டைசர், ஒரு ஸ்லூ லிமிட்டர். இந்த வரிசையில ஒயர் போட்டு, ஒவ்வொண்ணா கழட்டிக் கழட்டிக் கேளுங்க. பிளாக் டயகிராம் ஜென்மத்துக்கும் மறக்காது.

ஒரு எச்சரிக்கை: நிஜ மாடுலரை லேப்டாப் மைக் ஓட்டையில நேரா செருகிடாதீங்க. மாடுலர்ல 10 வோல்ட் வரைக்கும் ஆடும், மைக் ஓட்டைக்கு அது இடி விழுந்த மாதிரி. இன்னொண்ணு, பல சவுண்ட் கார்டுகள் வாசல்ல ஒரு கப்பாசிட்டர் காவல்காரன் இருப்பான். மெதுவா நகர்ற வோல்டேஜை உள்ளேயும் விட மாட்டான், வெளியேயும் விட மாட்டான். வோல்டேஜை அப்படியே கடத்தணும்னா, டி.சி-யையும் விடுற கார்டுன்னு கேட்டு வாங்கணும்.

அலமாரி டேப் என்னாச்சு?

அகமதாபாத் கதையோட கிளைமாக்ஸுக்கு வருவோம். லண்டன் கலைஞர் பால் பர்கஸ் 2017-ல் என்.ஐ.டி ஆவணக் காப்பகத்துல அந்த டேப்களைத் தேடிப் பிடிச்சார். சுத்தம் பண்ணி, டிஜிட்டலாக்கி, 2023-ல் 'தி என்.ஐ.டி டேப்ஸ்'ங்கிற பேர்ல ஆல்பமா வெளியிட்டாங்க. ஒயர் மாத்தி மாத்தி அன்னிக்கு அவங்க பிடிச்ச வோல்டேஜ், அம்பது வருஷம் டேப்ல காந்தமா தூங்கி, நம்பரா மாறி, இன்னிக்கு நம்ம ஹெட்போன்ல மறுபடி வோல்டேஜா வந்து நிக்குது. ஆச்சரியமா இல்லை?

இந்த இடத்துல நமக்கும் ஒரு வேலை இருக்கு. மலைக்கு மேல ஈரம் ஜாஸ்தி. பரண்ல கிடக்கிற கேசட்ல பூஞ்சை பிடிக்கும். நாடா ஒட்டிக்கும். ஊர்க் கும்மி, தாலாட்டு, ஒப்பாரின்னு எந்த ஊர் வீட்டுலயாவது கேசட் இருந்தா, அதைப் பாடின பாட்டி இன்னிக்கு இல்லாமலும் இருக்கலாம். அப்போ அந்த நாடாதான் கடைசி அனலாக். அதை ஒரு தடவை டிஜிட்டல் ஆக்கினா, நீங்க எந்தப் படியில எடுக்கிறீங்களோ அதுதான் அந்தப் பாட்டிக்குப் பேத்தி காலம் வரைக்கும் மிச்சம்.

அதனால, ஸ்பீக்கர் முன்னாடி போனை நீட்டி வாய்ஸ் நோட் எடுத்து வாட்ஸ்அப்ல தட்டி விடாதீங்க. டேப்ரிக்கார்டர்ல இருந்து ஒயர் போட்டு, லைன்-இன் வழியா எடுங்க. குறைஞ்சது விநாடிக்கு 44,100 சாம்பிள், 16 பிட், வேவ் ஃபைல். முடிஞ்சா ஆவணக் காப்பகங்கள் பண்ற மாதிரி 96,000 சாம்பிள், 24 பிட். ரெண்டு இடத்துல காப்பி வைங்க. அப்புறம் எம்.பி.3 ஆக்கி யாருக்கு வேணும்னாலும் அனுப்புங்க. பெரிய ஃபைலை எப்ப வேணும்னாலும் சின்னதாக்கலாம். சின்னதை எந்தக் காலத்துலயும் பெரிசாக்க முடியாது.

செமஸ்டர் லீவு வருது. ஒரு ஆடியோ ஒயர் வாங்குற செலவுதான். முதல்ல கேசட்டைத் தேடுங்க!